ஜூன் மாதப் பணத்துக்கு மே மாத அட்டை காரணமில்லை

கேள்வி: புனைபெயரில் காதல் நாவல்கள் எழுதி, நானே மின்னூலாக வெளியிடுகிறேன். இதுவரை 11 நாவல்கள். ஒரே குடும்பத்தின் நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கதை என்று எழுதிய தொடர் நன்றாகப் போகவே, மூன்று வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் பார்த்துவந்த சம்பளக் கணக்கு வேலையை விட்டுவிட்டேன். கடைசிப் புத்தகம் ஜனவரியில் வந்தது. அதற்குப் பிறகு விளம்பரம் கற்றுக்கொள்வதிலும் பழைய புத்தகங்களைச் சரிசெய்வதிலும் நாள் போய்விட்டது. மே மாதம் அந்தத் தொடருக்குப் புது அட்டை போட்டேன். ஜூன் கடைசியில் வந்த பணம் வழக்கத்தில் பாதிதான். அட்டையை மாற்றியதால் வந்த வினையா? காலையில் கண் விழித்ததும் கை விற்பனைக் கணக்கைத்தான் தேடுகிறது. அது படுத்திருந்தால் அன்று ஒரு வரி ஓடுவதில்லை. காதல் கதைக்கு மவுசு போய்விட்டதோ என்று தோன்றுகிறது. இதே பெயரில் கொலை, துப்பறியும் கதைக்கு மாறலாமா? பழைய அலுவலகத்தில் வாரம் மூன்று நாள் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். போனால், இத்தனை நாள் எழுத்தாளர் என்று சொல்லிக்கொண்டதற்கு என்ன அர்த்தம்? போனால் என் புனைபெயரை அங்கே சொல்ல வேண்டுமா? தொடரின் கணக்கை இணைத்திருக்கிறேன், வாசகர்கள் உதிர்ந்துகொண்டே போகிறார்கள். மணிக்கட்டும் வலிக்கிறது. (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

முதலில் அந்த அட்டையை விடுதலை செய்துவிடுவோம். அமேசானின் கிண்டில் சுயபதிப்பில் ஒரு மாத விற்பனைக்கான ராயல்டி (விற்பனையில் எழுத்தாளரின் பங்கு), அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் கைக்கு வரும். ஜூன் கடைசியில் உங்களுக்கு வந்தது ஏப்ரல் மாத விற்பனையின் பணம். மே மாதம் மாற்றிய அட்டை ஏப்ரல் விற்பனையைக் கெடுத்திருக்க வழியே இல்லை. நல்லதோ கெட்டதோ, அட்டை செய்த வேலை ஜூலைக் கடைசியில் வரும் பணத்தில்தான் தெரியும். அதுவரை பழைய அட்டைக்குத் திரும்பாதீர்கள். ஒரு மாற்றத்தின் பலன் தெரிவதற்குள் இன்னொரு மாற்றத்தைச் செய்தால், எதனால் எது நடந்தது என்று கடைசிவரை பிடிபடாது.

மற்றவர்களுக்கு மாதக் கடைசியில் சம்பளம் தந்து பழகியவர் நீங்கள். வேலை செய்த மாதத்துக்கே கூலி என்ற கணக்கு மனத்தில் ஊறிப்போயிருக்கும். சுயபதிப்பில் பணம் வருகிற மாதமும் அதைச் சம்பாதித்த மாதமும் வேறு வேறு. இந்தத் தொழிலில் எடுக்கப்படும் தவறான முடிவுகளில் நிறைய, தவறான மாதத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதால் எடுத்தவை என்பது என் எண்ணம். பணம் வந்த தேதியைப் பார்க்காமல் விற்பனை நடந்த தேதியை வைத்து ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே அந்த மாதம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி: புது வெளியீடு, விலைக் குறைப்பு, விளம்பரம், ஒன்றுமில்லை. உங்களுக்கா கணக்குச் சொல்லித்தர வேண்டும்!

அப்படியென்றால் ஏப்ரலில் என்ன நடந்தது? ஜனவரியில் வந்த புத்தகம் பழசாகிவிட்டது, அவ்வளவுதான். புதிய வெளியீடுகளுக்கென்று கடை தனியாக வைத்திருக்கும் பட்டியலில் ஒரு நூல் ஏறக்குறைய ஒரு மாதந்தான் இருக்க முடியும். அதற்குப் பிறகு அதைக் கடை தானாக வாசகர் கண்ணில் காட்டுவது குறைந்துவிடும். உங்கள் பெயரைத் தெரிந்த வாசகர்களும் முதல் சில வாரங்களிலேயே படித்து முடித்திருப்பார்கள். 30 நாளில் ஒரு சரிவு, 90 நாளில் இன்னொரு சரிவு என்று சுயபதிப்பாளர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். ஜனவரிப் புத்தகத்துக்கு ஏப்ரல் நான்காவது மாதம். நடுவில் புதிதாக எதுவும் வரவில்லை. விளம்பரம் கற்றுக்கொண்ட அந்த மாதங்களை வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மாதங்களுக்கு ஒரு விலை இருந்தது, அதை ஜூன் கடைசியில் கட்டினீர்கள்.

உங்கள் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அமேசானின் சந்தாத் திட்டமான கிண்டில் அன்லிமிடெட்டிலிருந்து வருகிறது என்று கணக்கு காட்டுகிறது. சந்தா கட்டியவர்கள் படிக்கும் பக்கங்களுக்கு அங்கே பணம். பக்கத்துக்கு அரை அமெரிக்க சென்டுக்கும் குறைவு, அதுவும் மாதாமாதம் கொஞ்சம் ஏறி இறங்கும். இந்தத் திட்டம் 2014 ஜூலையில் வந்தபோது, வாசகர் ஒரு நூலில் பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டாலே முழுத் தொகை கிடைத்தது. நாவலைத் துண்டு துண்டாக வெட்டி வெளியிட்டவர்களுக்கு நல்ல அறுவடை. 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து படித்த பக்கத்துக்கு மட்டும் பணம் என்று விதி மாறியது. குறுநாவலை நம்பியிருந்தவர்களின் வருமானம் சட்டென்று விழுந்தது. அவர்களின் எழுத்து ஒரே இரவில் மோசமாகிவிடவில்லையே. அத்தியாயம் அத்தியாயமாக எழுதுவதற்கென்று 2021-இல் தொடங்கிய கிண்டில் வெல்லாவை 2025-இல் மூடியேவிட்டார்கள். அடுத்தவர் கடையில் சரக்கு வைத்திருக்கிறோம். அலமாரியை அவர்கள் நகர்த்துவார்கள். ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் 'என் எழுத்து போய்விட்டது' என்று நினைத்தால் இந்தத் தொழிலில் தாக்குப்பிடிக்க முடியாது.

அந்தச் சந்தாத் திட்டத்தில் சேர்ந்திருப்பதால் உங்கள் மின்னூல்கள் வேறெங்கும் விற்கக் கூடாது என்ற 90 நாள் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. அது தானாகவே புதுப்பித்துக்கொண்டே போகும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெளியே எடுத்துவிடாதீர்கள். இருக்கிற மூன்றில் இரண்டு பங்கும் போய்விடும். தொடரில் சேராத இரண்டு பழைய நாவல்களை மட்டும் தவணை முடிகிற அன்று வெளியே எடுத்து மற்ற கடைகளிலும் போட்டுப் பாருங்கள். அங்கே வாசகர் சேர ஒரு வருடம்கூட ஆகலாம், அவசரப்படாதீர்கள். இந்தத் தடை மின்னூலுக்கு மட்டுந்தான். அச்சுப் புத்தகத்தை எங்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

இனி, நீங்கள் இணைத்த கணக்கு. நீங்கள் கடிதத்தில் எழுதியதைவிட அது நிறையப் பேசுகிறது. முதல் பாகத்தை 1,000 பேர் வாங்கியிருக்கிறார்கள். இரண்டாம் பாகம் 380. மூன்றாம் பாகம் 340. நான்காம் பாகம் 325.

இந்த எண்களைப் பார்த்து, வாசகர்கள் உதிர்ந்துகொண்டே போகிறார்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மறுபடியும் பாருங்கள். இரண்டாம் பாகம் படித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மூன்றாவதை வாங்கியிருக்கிறார்கள். மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போகாமல் நின்றவர்கள் வெறும் 15 பேர். காதல் கதைக்கு மவுசு போய்விட்டது என்றால் இந்த 325 பேர் யார்? ஓட்டை இருப்பது ஒரே இடத்தில்: முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் நடுவில். அங்கே மட்டும் 620 பேர் நின்றுவிட்டார்கள்.

அதில் ஒரு பகுதிக்கு உங்கள் விலை காரணம். முதல் பாகத்தை 0.99 டாலருக்கு வைத்திருக்கிறீர்கள். அந்த விலைக்கு வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் சேர்த்து வைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைக் கழித்துவிட்டாலும் மீதி பெரிய எண்தான். அதற்கு என்ன காரணம் என்று பார்க்க முதல் பாகத்தை வாங்கிப் படித்தேன். (என்னை அந்த 620 பேரில் சேர்க்காதீர்கள், இரண்டாவதும் வாங்கியாயிற்று.)

நடையில் குறை இல்லை. அந்த ரயில் நிலையக் காட்சியில், அவன் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு தவறான நடைமேடைக்கு ஓடுகிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். சிக்கல் முடிவில் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். அவள் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறாள், கதை முடிந்தது. அவர்கள் சேர்ந்துவிட்ட செய்தி மூன்றாம் பாகத்தில், தங்கையின் கதைக்கு நடுவில், ஒரு கல்யாண வீட்டுப் பேச்சில் போகிற போக்கில் வருகிறது. யதார்த்தமாக இருக்கட்டும் என்று செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். தனி நாவலாக, இலக்கியம் என்ற பலகையின் கீழே வந்திருந்தால் கை தட்டியிருப்பேன். ஆனால் அட்டையில் இரண்டு பேர் கை கோத்து நிற்கிறார்கள், காதல் நாவல் என்று வகை போட்டிருக்கிறீர்கள். அந்த அலமாரிக்கு வருகிறவர் எவ்வளவு அழுதாலும் கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்ற உறுதியில்தான் காசு கொடுக்கிறார். அந்த உறுதியை முதல் புத்தகத்திலேயே உடைத்தால் இரண்டாவதை எந்தத் தைரியத்தில் வாங்குவார்? மற்ற மூன்று பாகங்களும் சுபமாகத்தான் முடிகின்றன. அது தெரியாமலேயே போய்விட்டார்கள்.

இதைத் திருத்த நாவலை மாற்றி எழுத வேண்டியதில்லை. பிரிவு அப்படியே இருக்கட்டும். அதற்குப் பின்னால் ஒரு வருடம் கழித்து என்று ஒரு முடிவுரை அத்தியாயம் சேருங்கள். அந்தக் கல்யாண வீட்டுக்கு அவர்கள் சேர்ந்து வந்தது எப்படி என்பதை வாசகர் கண்ணால் பார்க்கட்டும். அது முடிந்த இடத்திலேயே இரண்டாம் பாகத்தின் முதல் காட்சியில் ஒன்றிரண்டு பக்கமும், வாங்குவதற்கான சுட்டியும் இருக்கட்டும். இப்போது உங்கள் நூலின் கடைசியில் நான்கு பக்கத்துக்கு நன்றியுரை இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு 'அடுத்து என்ன' என்று கேட்கிற வாசகரிடம் மெய்ப்புப் பார்த்தவரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நன்றியை அதற்குப் பின்னால் தள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஏற்கனவே வாங்கியவர்களுக்கு அந்த அத்தியாயத்தை உங்கள் மின்னஞ்சல் பட்டியல் வழியாக இலவசமாக அனுப்புங்கள். படித்துவிட்டு நின்றுபோனவர்களில் சிலர் திரும்பி வருவார்கள்.

இதனால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். முதல் பாகத்திலிருந்து இரண்டாவதுக்குப் போகிறவர்கள் 380-லிருந்து 550 ஆனார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிந்தைய பாகங்களில் இப்போதிருக்கும் விகிதம் மாறாவிட்டால் மூன்றாவது 490-ஐத் தாண்டும், நான்காவது 470-ஐ ஒட்டி வரும். ஒவ்வொரு ஆயிரம் புது வாசகருக்கும் சுமார் 465 பிரதிகள் கூடுதல். 2.99 டாலர் விலையில் 70 சதவீத ராயல்டியில் மின்னூல் கோப்பை வாசகருக்கு அனுப்ப அமேசான் பிடிக்கும் கட்டணம் போக பிரதிக்கு ஏறக்குறைய இரண்டு டாலர் உங்களுக்கு நிற்கும். 0.99 டாலர் நூலுக்கு 35 சதவீதந்தான். அதில் ஆறு பிரதி விற்றால்தான் 2.99-இல் ஒரு பிரதி விற்றதற்குச் சமம். ஆகவே முதல் பாகத்தின் மலிவு விலை, மற்ற பாகங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காக மட்டுமே. ஆள் சேரவில்லை என்றால் அது வெறும் தள்ளுபடி. இது சரியாகும் வரை விளம்பரத்துக்குக் காசு போடுவதை நிறுத்திவையுங்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது.

கொலைக் கதைக்கு மாறுவது பற்றி. எழுத ஆசையாக இருந்தால் எழுதுங்கள், நான் தடுக்கப்போவதில்லை. காதல் விற்கவில்லை என்பதற்காக மாறினால் மட்டும் தடுப்பேன், ஏனென்றால் உங்கள் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இதே பெயரில் வேண்டாம். உங்கள் பெயரைப் பார்த்ததும் சேர்ந்து வாழப்போகிறவர்களை எதிர்பார்க்கும் அந்த 325 பேருக்கு முதல் அத்தியாயத்திலேயே பிணத்தைக் காட்டினால், முதல் பாகத்தில் நடந்ததே இன்னொரு முறை நடக்கும். போதாக்குறைக்கு, காதல் நாவல் வாங்கும் வாசகர்களுக்கே உங்கள் துப்பறியும் கதையைக் கடை காட்டத் தொடங்கும், அவர்கள் வாங்கமாட்டார்கள், யாருக்குக் காட்டுவது என்று அதற்குப் புரியாமல் போகும். இன்னொரு புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்கிலேயே பல புனைபெயர்களில் வெளியிடலாம். அதற்காக இரண்டாவது கணக்கு மட்டும் தொடங்கிவிடாதீர்கள். ஒருவருக்கு ஒரு கணக்குதான் என்பது விதி, மீறினால் இருப்பதும் முடங்கக்கூடும். நடுவழி ஒன்றும் இருக்கிறது: குற்றத்தின் பின்னணியில் நடக்கும் காதல் கதை. கொலைகாரனும் பிடிபடுவான், ஜோடியும் சேரும். இதை இப்போதைய பெயரிலேயே தாராளமாக எழுதலாம். உங்கள் நான்காம் பாகத்தில் அந்தக் காணாமல்போன பத்திர விவகாரத்தை நீங்கள் ரசித்து எழுதியிருப்பது தெரிகிறது. அந்தப் பக்கம் முதலில் ஒரு கால் வைத்துப் பாருங்கள்.

காலையில் கண் விழித்ததும் கணக்குப் பார்ப்பது. இதற்கு மன உறுதி போதாது, ஏற்பாடுதான் வேண்டும். கைப்பேசியிலிருந்து அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள். மடிக்கணினியில் வாரம் ஒரு முறை, எழுத்து முடிந்த பிறகு, அந்த அட்டவணையை நிரப்புவதற்காக மட்டும் பார்க்கலாம். தினசரி எண்ணில் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. செவ்வாய்க்கிழமை மூன்று பிரதி குறைந்தால் நீங்கள் என்னதான் செய்துவிட முடியும்? அதே நாளில் ஒரு காட்சியை எழுதி முடிக்கலாம். விளம்பரம், அட்டை, மின்னஞ்சல், மெய்ப்பு எல்லாவற்றையும் வாரத்தில் ஒரே நாளில் குவித்துவிடுங்கள். எழுதுகிறவரும் பதிப்பாளரும் விற்பனைக்காரரும் நீங்கள்தான். அந்தக் கடைசி இருவரும் சத்தமாகப் பேசுகிறவர்கள், நேரம் ஒதுக்காவிட்டால் நாள் முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தவரை, உங்களுக்கு எழுத்து சலிக்கவில்லை. ரயில் நிலையக் காட்சியைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தீர்கள், கடிதத்திலேயே உயிரோடு இருந்த இடம் அதுதான். சலித்தது பதிப்பாளர் வேலை.

மாதம் ஒரு நாவல் போட்டால்தான் பிழைக்கலாம் என்று யாரோ சொன்னதாகவும், அதற்குச் செயற்கை நுண்ணறிவு உதவும் என்றதாகவும் ஓரமாக எழுதியிருந்தீர்கள். செயற்கை நுண்ணறிவு எழுதியதைப் பதிவேற்றும்போது அமேசானிடம் அதைத் தெரிவித்தாக வேண்டும். 2023-லிருந்து அந்த விதி இருக்கிறது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும். பத்துக்கு ஒன்பது பேர் தொடர்ந்து வாங்குவது உங்கள் குரலுக்காக. இருக்கிற ஒரே சொத்தை எதற்கு விற்பது? வருடத்துக்கு இரண்டு நாவல் உங்களால் நிதானமாக முடியும் என்றால் இரண்டே போதும்.

இப்போது அலுவலக வேலை. போங்கள். தயங்காமல் போங்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியவர்களைக் கழித்துவிட்டால் எந்த மொழியின் நூலகத்திலும் பாதி அலமாரி காலியாகிவிடும். வீட்டுச் செலவு முழுவதையும் அடுத்த நாவல் சுமக்க வேண்டும் என்று இருக்கும்போதுதான், விற்குமோ விற்காதோ என்ற பயம் வந்து உட்கார்ந்து, ஒரு வரியும் ஓடாமல் போகிறது. மூன்று நாள் சம்பளம் வாடகையையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டால் மீதி நாளில் உட்காருகிறவர் நிம்மதியாக எழுதுவார். போவதற்கு முன் இரண்டு விஷயம். எந்த மூன்று நாள் என்பதை அவர்கள் முடிவு செய்ய விடாதீர்கள். அடுத்தடுத்த மூன்று நாளாகக் கேளுங்கள். ஒன்று விட்டு ஒன்று என்றால் ஒவ்வொரு முறையும் கதைக்குள் திரும்பிப் போகவே அரை நாள் ஆகும். அடுத்தது, வேலையை மறுபடி விடுவது எப்போது என்பதை இப்போதே எழுதி வையுங்கள். ஒரு நல்ல மாதத்தைப் பார்த்து விடுவது கூடாது. போன முறை ஒரு தொடர் ஓடியதும் விட்டீர்கள். இந்த முறை, புதிதாக எதையும் வெளியிடாத ஆறு மாதத்திலும் பழைய புத்தகங்களின் பணம் மட்டுமே வீட்டுச் செலவுக்குப் போதுமாக இருந்தால் விடுங்கள். புது வெளியீட்டு மாதங்களை அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

மணிக்கட்டு வலிக்கு மருத்துவரைப் பாருங்கள். கடிதத்தின் கடைசியில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போகிற விஷயம் அல்ல அது. இதற்கிடையே, வாயால் சொல்லச் சொல்ல கணினியே எழுதிக்கொள்ளும் வசதியைப் பழகிக்கொள்ளலாம். வசனங்கள் அதில் நன்றாகவே வரும், வருணனைதான் சற்று முரண்டு பிடிக்கும்.

அலுவலகத்தில் புனைபெயரைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேலை ஒப்பந்தத்தில் வெளி வருமானம் பற்றி ஏதாவது விதி இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பாருங்கள். இருந்தால், நூல் வெளியிட்டு ராயல்டி பெறுகிறேன் என்று நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருமானத்தைச் சொன்னால் போதும், கேட்காதவரை பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. சக ஊழியர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். சொல்வதாக இருந்தால் முதல் பாகத்தில் அந்த முடிவுரையைச் சேர்த்த பிறகு சொல்லுங்கள்.